டஸ்கனி நாட்டுப்புறத்தில் எங்கே சாப்பிடுவது? பண்ணை வீட்டுச் சாப்பாடு பற்றி ஒரு மதிப்புரை

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், சியெனா நகருக்குத் தெற்கே உள்ள வல் தோர்ச்சா பள்ளத்தாக்கில் அக்டோபர் கடைசியில் வாடகைக் காரில் ஐந்து நாள் சுற்றினோம். எதைப் பார்ப்பது என்பதைவிட எங்கே சாப்பிடுவது என்ற கேள்விதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பள்ளத்தாக்கில், குன்றின் மேல் ஓர் ஊர், அதைவிட்டு இறங்கினால் உழுத நிலம், மறுபடியும் தொலைவில் ஒரு குன்று என்றுதான் சாலை போகிறது. நடுவே பசித்தால் காரை ஓரங்கட்டிச் சாப்பிட ஒரு கடையும் பெரும்பாலும் கண்ணில் படாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை மணியளவில் தொடங்கி இரண்டரை மணிக்கு முடிந்துவிடும். இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு முன்னால் கிடைப்பது அரிது. முதல் நாள் ஒரு குன்றூர் உணவகத்துக்கு இரண்டே முக்கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே பலர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் மட்டும், சமையலறையை மூடிவிட்டோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதும் இங்கே பரவலான வழக்கம். அந்த நாள் கடைக்குக் கடை மாறும்.

இதற்கெல்லாம் நாங்கள் கண்ட நல்ல தீர்வு, இரவு தங்கும் பண்ணை வீட்டிலேயே சாப்பிடுவதுதான். அக்ரிதூரிஸ்மோ என்று இதைச் சொல்கிறார்கள். விவசாயிகள் நிலத்தைவிட்டு வெளியேறாமல் இருக்க வேறொரு வருமானமும் வேண்டும் என்பதற்காக 1985இல் இதற்கெனத் தேசியச் சட்டம் வந்தது. 2006இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. விவசாயம்தான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், பரிமாறும் உணவில் குறிப்பிடத்தக்க பங்கு சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை நிபந்தனைகள். ஆகவே, வெறும் தங்கும் விடுதி ஒன்று இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

நாங்கள் மூன்று இரவு தங்கிய வீட்டில், சாப்பிடுவதாக இருந்தால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார்கள். எத்தனை பேர் என்று தெரிந்த பிறகுதான் மாவு பிசைவார்கள். இரண்டாம் நாள் மாலை சற்று முன்னதாகவே திரும்பிவிட்டதால், வீட்டுக்கார அம்மாள் பீச்சி என்ற தடித்த பாஸ்தாவை உருட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. கோதுமை மாவும் தண்ணீரும் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை அறுத்துப் பலகையில் வைத்து, இரு உள்ளங்கைகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தி உருட்ட, அது முழ நீளக் கயிறாக நீண்டது. ஒட்டாமல் இருக்க அதன் மேல் ரவையைத் தூவிச் சுருட்டி வைத்தார். கையால் செய்வதால் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கும். வெந்தபின் மெல்லிய முனை குழைய, நடுப்பகுதி பல்லில் கொஞ்சம் நின்று கொடுக்கும். ஆலியோனே என்ற பெரிய பல் பூண்டைத் தக்காளியோடு மணிக்கணக்கில் வேகவைத்த சாறுதான் அதற்குத் துணை. நம் பூண்டின் காட்டம் அதில் இல்லை, ஏறக்குறைய இனிப்பு.

ரொட்டியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். டஸ்கனி ரொட்டியில் உப்பே போடுவதில்லை. முதல் கடியில் சமையல்காரர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். உப்பு மிகுந்த பாலாடைக்கட்டியோடும் பதப்படுத்திய இறைச்சியோடும் சேர்த்துச் சாப்பிடும்போதுதான் அதன் பொருத்தம் புரிகிறது; தனியாகத் தின்றால் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

சைவ உணவுக்காரர்கள் பீச்சியைப் பெரும்பாலும் நம்பிச் சாப்பிடலாம், அதில் பொதுவாக முட்டை சேர்ப்பதில்லை. ஆனால் பயறும் கீரையும் பழைய ரொட்டியும் சேர்ந்த ரிபொல்லித்தா போன்ற சூப்புகளில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பியென்சா ஊரின் புகழ்பெற்ற பெக்கொரினோ என்ற செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பாலை உறையவைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவதும் உண்டு.

எல்லாப் பண்ணை வீடுகளும் ஒரே தரம் அல்ல. நான்காம் இரவு தங்கிய இடத்தில் நான்கு பக்கம் நீண்ட உணவுப் பட்டியலைக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இதில் உங்கள் நிலத்தில் விளைந்தது எது என்று கேட்டதற்கு, எண்ணெய் மட்டும் என்று பதில் வந்தது. பாஸ்தா பொட்டலத்திலிருந்து வந்தது என்பது வாயில் வைத்ததுமே தெரிந்தது. பட்டியலே இல்லாமல் இன்று இதுதான் என்று சொல்லும் வீட்டையே தேடுங்கள். முன்பதிவின்போதே சொந்த விளைச்சல் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

இரவில் தங்குமிடத்திலேயே சாப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. விளக்கே இல்லாத, ஜல்லி பரவிய வெள்ளைச் சாலையில் இரவு பத்து மணிக்கு வழி தேடுவது, மது தொடாதவருக்குக்கூட எளிதல்ல.

மதியத்துக்கு அலிமென்தாரி எனப்படும் மளிகைக் கடையே போதும். ரொட்டியைப் பிளந்து, நாம் காட்டும் பாலாடைக்கட்டியையோ இறைச்சியையோ சீவி வைத்துத் தருவார்கள். எத்தோ என்றால் 100 கிராம். இருவருக்கு ஓர் எத்தோ கட்டி தாராளம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது உணவகத்திலும் உதவும், ஏனெனில் பிஸ்தெக்கா என்ற எலும்போடு சுடும் மாட்டிறைச்சித் துண்டுக்குப் பல இடங்களில் எத்தோ கணக்கில்தான் விலை எழுதியிருப்பார்கள். துண்டோ ஒரு கிலோவைத் தாண்டும். ரசீதில் கொபேர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

குளிர்காலத்தில் பல பண்ணை வீடுகள் மூடியிருக்கும் என்பதால், அக்டோபர் கடைசியே எங்களுக்கு வாய்த்த நல்ல நேரம். மூன்று இரவு தங்கிய அந்த முதல் வீட்டிலிருந்து கிளம்பும் நாள் காலையில், முந்தைய நாள்தான் செக்கிலிருந்து வந்த எண்ணெய் என்று சொல்லி, சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, கொஞ்சம் உப்புத் தூவி, மேலே பச்சை நிறத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். மிளகைக் கடித்ததுபோலத் தொண்டையில் காரம் ஏற, என் மனைவி இருமத் தொடங்கியதும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தார்.