பால்தேயஸ் நூல் வாங்கிய பழைய புத்தகக் கடை

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் இருக்கும் இந்தப் பழைய புத்தகக் கடையில்தான் பால்தேயஸ் பாதிரியாரின் நூலை வாங்கினேன். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது உடன் வந்தவர் அவர். மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி அவர் எழுதிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. அதே ஆண்டு வந்த ஜெர்மன் பதிப்புதான் எனக்குக் கிடைத்தது.

இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம், விற்பதற்கு முன்பே எல்லாக் குறையையும் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் படத்தாள் இல்லை, எது வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தது, அட்டை எப்போது மாற்றியது என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார்கள். இது மிக முக்கியம். இந்த மாதிரி நூல்களில் வரைபடங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம். அதனாலேயே முழுப் பிரதிகள் குறைந்துகொண்டே போகின்றன, அது எனக்குப் பெரிய வேதனை.

செப்புத்தகட்டு அச்சில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தேவாலயங்கள்! தமிழ் எழுத்துகளைக்கூடச் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

விலை அதிகம்தான், தபால் காப்புறுதி தனி. பொதி கட்டியதில் குறையே இல்லை. அப்புறம், வண்ணம் பூசிய படங்கள் வேண்டுமென்றால் அந்த வண்ணம் அக்காலத்ததா, பிற்காலத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் நேராகச் சொல்வார்கள்.