நிலத்துக்கு மேல் நிற்கும் நீச்சல் தடாகத்துக்கு டெக்: ஒன்ராறியோக் குளிரில் நீண்டகால அனுபவம்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, களிமண் நிலத்தில் அமைந்த எங்கள் பின்வளவில் 24 அடி விட்டமும் 52 அங்குலச் சுவரும் கொண்ட வட்டத் தடாகம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தை அணைத்தாற்போல 2017ஆம் ஆண்டுக் கோடையில் மைத்துனரும் நானும் ஒரு டெக், அதாவது தூண்களின்மேல் நிற்கும் மரத்தளம், கட்டினோம். பல குளிர்காலங்களையும் ஒரு லைனர் (தடாகத்தின் உட்புறத்தில் நீர் கசியாமல் விரிக்கும் ஞெகிழி விரிப்பு) மாற்றத்தையும் கண்டுவிட்ட நிலையில், இதைக் கட்ட எண்ணுவோருக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: டெக்கைத் தடாகத்தின் பகுதியாக எண்ணாதீர்கள். எதன்மேலும் சாயாமல் தனித்து நிற்பதாகவும், வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கழற்றித் திறக்கக்கூடியதாகவும் அதைக் கட்டுங்கள்.

இதற்குக் காரணம் தடாகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 48 அங்குல ஆழத்துக்கு நீர் நிரப்பினால் எங்கள் தடாகத்தில் ஏறத்தாழ 51,000 லீற்றர், அதாவது 51 தொன் நீர் நிற்கும். அவ்வளவு நீரையும் அடக்கி வைத்திருப்பது ஒரு மெல்லிய எஃகுத் தகடு. நீர் வெளிநோக்கித் தள்ளும்போது அந்தத் தகடு சுற்றிவர இறுகி நின்று தாங்குகிறதே தவிர, மேலிருந்து இறங்கும் பாரத்தைச் சுமப்பதற்காக அது செய்யப்படவில்லை. ஆகவே டெக்கின் ஒரு பலகைகூடச் சுவரின் மேல்விளிம்பில் ஊன்றக் கூடாது. தூண்களைச் சுவருக்கு மிக அருகில் நாட்டுவதும் தவறு. தடாகத்தின் அடிவளையம் வெறும் நிலத்தின்மீது இருப்பதால், அதன் காலடியில் குழி தோண்டினால் மண் இளகிச் சுவர் ஒரு பக்கம் இறங்கிவிடலாம். நாங்கள் முன்வரிசைத் தூண்களைச் சுவரிலிருந்து இரண்டடிக்குச் சற்று அப்பால் நிறுத்தி, இரண்டுக்குப் பத்து அங்குல அளவிலான குறுக்குச் சட்டங்களைத் தூண்களின்மேல் கிடக்கும் உத்திரத்துக்கு வெளியே, தடாகத்தை நோக்கி, ஒன்றரை அடி நீட்டினோம். பலகைகளை அதற்கும் சற்று நீளமாக அடித்த பிறகு, வளைவைக் கோடிட்டு ஒரே வீச்சில் வெட்டினோம். மேல்விளிம்புக்கும் பலகைக்கும் இடையே விட்ட அரை அங்குல இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. நீர் ஏறி இறங்கும்போது சுவர் சிறிது அசையும் என்பதால் அந்த இடைவெளி அவசியம்.

அத்திவாரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்கு ஒன்ராறியோவின் குளிரே போதுமான காரணம். மண்ணிலுள்ள ஈரம் உறையும்போது பனிக்கட்டி அடுக்கடுக்காகத் திரண்டு, மேலே உள்ள எதையும் தூக்கிவிடும். களிமண்ணில் இது இன்னும் கடுமையாக நடக்கும். தென் ஒன்ராறியோவில் உறைவு செல்லும் ஆழமாகப் பொதுவாக 1.2 மீற்றரைக் கொள்கிறார்கள். அதற்குக் கீழே கொங்கிறீட் இறங்கியிருந்தால்தான் தூண் அசையாது. நிலத்தின்மேல் வெறுமனே வைக்கும் சீமெந்துக் கட்டைகள் விலை குறைந்தவை, வேலையும் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அவற்றின்மேல் நிற்கும் டெக் ஒவ்வொரு வசந்தத்திலும் தடாகத்தைவிட வேறோர் உயரத்தில் நிற்கும். தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குக் கட்டணம் இல்லை. சட்டப்படியும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

திறக்கக்கூடிய டெக்கின் பெறுமதி லைனர் மாற்றும் நாளில்தான் முழுமையாகத் தெரியும். எங்கள் லைனர் சுவரின் மேல் மடிந்து தொங்கும் வகையைச் சேர்ந்தது. அதை மாற்ற வேண்டுமானால் மேல்விளிம்புத் தகடுகளையும் அவற்றை இணைக்கும் மூடிகளையும் சுற்றிவரக் கழற்ற வேண்டும். டெக்கின் பலகைகள் அந்த விளிம்பை மூடிக்கொண்டிருந்தால் முதலில் டெக்கையே பிரிக்க வேண்டியிருக்கும். நாங்கள் தடாகத்தை ஒட்டிய பலகைகளைச் சிறு தட்டிகளாகச் செய்து, ஒவ்வொன்றின் அடியிலும் இலக்கமிட்டு, மேலிருந்து திருகாணியால் மட்டும் பூட்டியிருந்தோம். லைனர் போட வந்தவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிட்டோம். அதே நாளில் ஸ்கிம்மர் (நீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும், சுவரில் பொருத்திய பெட்டி) அருகே சுவரில் ஒரு கைப்பிடி அகலத்துக்குத் துரு படர்ந்திருந்ததைக் கண்டோம். ஸ்கிம்மரின் ரப்பர் வளையம் தளர்ந்து, துளித்துளியாக நீர் கசிந்திருக்கிறது. அந்த இடத்துக்கு நேர்மேலே டெக்கின் தளத்தில் ஒரு கதவு வைத்திருந்தபடியால் துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, புதிய வளையம் போட முடிந்தது. மூடிய டெக்கின் கீழ் இது பல ஆண்டுகள் தெரியாமல் வளர்ந்து சுவரையே தின்றிருக்கும். இதனால்தான் தடாகத்தை முழுவதுமாகச் சுற்றி டெக் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு பக்கம் அகலமான தளம் இருந்தால் அமரவும் இறங்கவும் போதும். மீதிச் சுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, சட்டகம் முழுவதற்கும், உக்காதபடி அழுத்த முறையில் மருந்தேற்றிய மரத்தையே பயன்படுத்தினோம். வீடுகளில் பயன்படும் மரத்தில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்து 2003ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் வந்தன. இந்தச் செம்பு சாதாரண எஃகையும் அலுமினியத்தையும் அரிக்கும், தடாகத்தின் குளோரின் நீரோ எஞ்சியதை அரிக்கும். அதனால் பலகைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையும், சட்டங்களைத் தாங்கும் உலோகத் தாங்கிகளுக்கு அவற்றைப் போலவே உருகிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணிகளையும் இட்டோம். இரண்டு உலோகங்களையும் ஒரே தாங்கியில் கலக்காமல் இருப்பது முக்கியம். ஈரமாக வாங்கிய பலகைகளை நெருக்கமாக அடித்தோம். அவை காய்ந்து சுருங்கியதும் நீர் வடிவதற்கான இடைவெளி தானாகவே கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவித் தேய்த்து எண்ணெய்ப் பூச்சுப் பூசும் வேலை இருக்கிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. அக்கா வீட்டில் மரத்தூளும் ஞெகிழியும் சேர்த்துச் செய்த, கடும் பழுப்பு நிறக் கலப்புப் பலகை போட்டிருக்கிறார்கள். பூச்சு வேலையும் சிராய்ப்பும் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆடி மாத வெயிலில் பிள்ளைகள் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் பாய் விரித்து நடக்கிறார்கள். கலப்புப் பலகைதான் வேண்டும் என்போர் வெளிர் நிறத்தைத் தெரிவு செய்தால் சூடு ஓரளவு குறையும்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். டெக் இல்லாத தடாகத்தில் ஏணியைத் தூக்கி வைத்துவிட்டால் ஒரு சிறு குழந்தை உள்ளே ஏறுவது கடினம். டெக்கும் படியும் வந்த கணமே அந்தத் தடை போய்விடுகிறது. எனவே படியின் தலைப்பில் தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு கட்டாயம் வேண்டும். வேலியின் உயரத்தையும் பூட்டின் அமைப்பையும் ஒவ்வொரு மாநகரசபையும் தன் விதிப்படி வகுத்திருக்கிறது. 600 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்த தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்றும், அதன் கம்பிகளுக்கிடையே 100 மில்லிமீற்றர் பந்து நுழையக் கூடாது என்றும் ஒன்ராறியோக் கட்டட விதி சொல்கிறது. குளிர் கழிந்த ஒவ்வொரு வசந்தத்திலும் கதவின் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. தடாகத்தைத் திறக்கும் முன் அதை இறுக்குவதே எங்கள் முதல் வேலை. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை, ஆகவே கதவு மூடும் ஓசையை நம்பாமல் பூட்டு விழுந்ததா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். டெக்கின் விளிம்பு பாய்வதற்கு அழைப்பது போலத் தோன்றும். நான்கடி நீரில் தலைகீழாகப் பாய்வது கழுத்தை முறிக்கும் என்பதை வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லியே உள்ளே விடுகிறோம். மின்னதிர்ச்சி நேராதபடி, பம்ப், சுவர் ஆகியவற்றின் உலோகப் பகுதிகளைத் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றிணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்வேலையாளரிடமே விட்டோம்.

டெக்கின் கீழுள்ள இடம் பொருள் வைக்க ஆசை காட்டும். குளோரினை மட்டும் அங்கே வைக்காதீர்கள். அதன் ஆவி தாங்கிகளை அரிக்கும், வெவ்வேறு வகைக் குளோரின்கள் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். குளிர்காலத்தில் டெக்கின்மேல் விழும் பனியை ஞெகிழிச் சவளால் தள்ளுகிறோம், உப்புப் போடுவதில்லை.

இப்போது பழுது தெரிவது படிகளில்தான். பக்கச் சட்டத்தில் படிக்காக வெட்டிய இடங்களில் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரியும். வெட்டிய முகங்களுக்கு நாங்கள் அப்போதே செம்பு மருந்து பூசியிருந்தும், நிலத்தைத் தொடும் முனையில் ஒரு சட்டம் விரல் நகம் பதியும் அளவுக்கு மென்மையாகியிருக்கிறது. வரும் வைகாசியில், விக்ரோறியா தின விடுமுறைக்கு முன்பாக, அதை மாற்றி, அடியில் நீர் தேங்காதபடி சற்று உயர்ந்த கொங்கிறீட் தட்டு ஒன்றை ஊற்றவிருக்கிறோம்.