பிளைவுட்டில் பாட்டியின் முகம்: சிறிய சிஎன்சியுடன் மூன்று ஆண்டுகள்

பாட்டியின் படத்தை முதன்முதலில் செதுக்கி முடித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "கன்னத்தில் என்னடா இது, கறை மாதிரி?" நெற்றி, மூக்கு, கன்னம் என முகத்தில் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. இயந்திரம்தான் சரியில்லை என்று ஒரு வாரம் அதன் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். கோளாறு பலகையில் இருந்தது.

என்னிடம் இருப்பது 3018 வகைச் சிறிய சிஎன்சி, அதாவது கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம். வேலைப்பரப்பு 300 x 180 மி.மீ.; ஓட்டுவதற்குக் கேண்டில் மென்பொருள். பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, வி-பிட் எனும் கூம்பு வடிவ வெட்டுமுனையால் நெருக்கமாகக் கோடுகள் இழுக்கிறேன். பிட் ஆழமாக இறங்கினால் கோடு அகன்று மரத்தின் வெளிர் நிறம் தெரியும். மேலே ஏறினால் கோடு மெலிந்து கறுப்பு மிஞ்சும். ஆகவே படத்தில் மிக வெளிச்சமான இடம்தான் மிக ஆழமான இடம். கூம்பின் கோணம் 60 டிகிரியாக உள்ள பிட்டில் 0.9 மி.மீ. அகலக் கோடு விழ ஏறக்குறைய 0.8 மி.மீ. ஆழம் வேண்டும். நான் வாங்கிய சாதாரண பிளைவுட்டின் மேல் வினீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, அதில் பாதிகூட இல்லை. பிட் அதைத் தாண்டி அடுத்த அடுக்கின் சிவந்த மரத்தையும் பசையையும் தொட்டுவிட்டது. வெளுக்க வேண்டிய கன்னம் கறுத்தது அதனால்தான்.

பிர்ச் பிளைவுட்டுக்கு மாறினேன். விலை அதிகம், தேடித்தான் வாங்க வேண்டும். ஆனால் அடுக்குகள் தடிமனானவை, எல்லாமே வெளிர் நிறம். கறை அன்றோடு போயிற்று.

அடுத்த தலைவலி பலகையின் வளைவு. 90 டிகிரி பிட் ஆழம் குறைவாகவே கேட்கும் என்று அதற்குத் தாவினேன். அதில் பலகை 0.2 மி.மீ. தூக்கியிருந்தாலே கோடு 0.4 மி.மீ. அகன்றுவிடும். கோடுகளுக்கு இடையே 1 மி.மீ. மட்டும் விடும்போது இது சிறிய பிழை அல்ல. ஒரு படத்தில் இடது காது முழுவதும் வெளுத்து மறைந்தது. இப்போது அடிப்பலகையை அதே இயந்திரத்தால் சீவிச் சமன்செய்து, பிளைவுட்டை இருபக்க டேப்பால் முழுப்பரப்பிலும் அழுத்தி ஒட்டுகிறேன். பிட் மீண்டும் 60 டிகிரிதான்.

பெயின்டுக்கு முன் ஷெல்லாக் எனும் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். இல்லையென்றால் கறுப்பு மர இழைக்குள் இறங்கி, கோட்டின் ஓரம் மசமசவென்று ஆகிவிடும். கோடுகளை இழைக்கு 45 டிகிரி சாய்வாக ஓட்டினால் சிம்பு எழுவதும் குறைகிறது.

200 x 160 மி.மீ. படத்துக்குப் பிட் 32 மீட்டர் ஓட வேண்டும். என் இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும், தூசிக்கு முகக்கவசம் இல்லாமல் உட்காரவே கூடாது. பிளைவுட் அடுக்குகளின் பசை பிட்டின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடுவதால், புதிய படத்துக்கு முன் முனையை உருப்பெருக்கியில் பார்த்துவிடுகிறேன்.

குழுப்படங்களைச் செதுக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன். ஒரு கண்ணுக்குப் பதினைந்து கோடாவது கிடைத்தால்தான் பார்வை வரும். இந்தப் பரப்பில் ஒரு முகத்துக்குத்தான் அந்த இடம் இருக்கிறது.

பாட்டியின் படத்தைப் பிர்ச்சில் மீண்டும் செதுக்கினேன். கையெட்டும் தூரத்தில் வெறும் கோடுகள். கூடத்து வாசலில் நின்றால் மூக்குத்தி வரை தெரிகிறது. கீழ் உதட்டில் கடுகளவு சிம்பு பெயர்ந்திருக்கிறது. திருத்துகிறேன் என்றதற்கு அம்மா விடவில்லை.