கிளட்ச்சுக்கு வாரண்டி இல்லை என்றால்: மலைக்காரர் முன்னால் நான்கு வழிகள்

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான்: "இது வாரண்டில வராதுங்க சார், நீங்க ஓட்டுற விதத்துல எரிஞ்சிருக்குதுங்க." வண்டி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. மூன்று வருட வாரண்டி என்று சொல்லித்தான் ஷோரூமில் விற்றிருப்பார்கள். இப்போது கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு எஸ்டிமேட்டை நீட்டுகிறார்கள். கம்பெனிக்கு எழுதிப் போராடுவதா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுவதா, ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா, இல்லை வண்டியை இழுத்துக்கொண்டு நம்ம ஊர் மெக்கானிக்கிடமே வந்துவிடுவதா?

பொதுவாக இந்த வழிகளைக் கட்டணத்தை வைத்தும் காலத்தை வைத்தும் ஒப்பிடுவார்கள். மலையில் கணக்கே வேறு. பல கம்பெனி வண்டிகளுக்குப் பெரிய வேலை என்றால் கோவைக்குத்தான் போக வேண்டும். மஞ்சூரிலோ கீழ்கோத்தகிரியிலோ இருப்பவர் ஒரு தடவை கோவைக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் வேலை போச்சு, டீசல் காசு போச்சு. இலை சீசனாக இருந்தால் அன்றைய தோட்டத்து வேலையும் போச்சு. பந்தலூர்க்காரருக்கு அது இரண்டு நாள் பாடு. அதனால் எந்த வழி நம்மை அதிகம் மலையிறங்க வைக்காது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். டீலர்களும் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். "நாளைக்கு ஒரு தடவை நேர்ல வந்துருங்க சார்" என்று நாலு முறை சொன்னால் பாதிப் பேர் அலுத்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

முதலில் டிஸ்க்கைக் கையில் வாங்குங்கள்

எந்த வழியில் போனாலும் ஜெயிப்பதும் தோற்பதும் கழற்றிவைத்த அந்த உதிரிபாகத்தில்தான் இருக்கிறது. கிளட்ச் டிஸ்க், பிரேக் பேடு, வைப்பர் ரப்பர் மாதிரித் தேயும் சாமான்களுக்கு ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் வாரண்டிப் புத்தகத்திலும் இடமில்லை. அதில் நியாயமும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் சுமாரில் 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற வண்டி அது. சீசன் நாளில் பர்லியாறுக்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து, அரைக் கிளட்ச்சில் நின்று நின்று ஏறினால் டிஸ்க் தேயத்தான் செய்யும்.

ஆனால் கிளட்ச் போவதற்குத் தேய்மானம் ஒன்றே காரணமில்லை. லைனிங், அதாவது டிஸ்க்கின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை, ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்து, அது உரசுகிற என்ஜின் சக்கரமான பிளைவீலில் நீலமாகச் சூட்டுத் தழும்பு விழுந்திருந்தால் அது வழுக்கி எரிந்தது. டீலர் சொல்வது பெரும்பாலும் சரி. லைனிங் இன்னும் தடிமனாக இருக்கிறது, அதன்மேல் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கிறது என்றால் நிலைமை வேறு. கிராங்க் ஷாப்டின் பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் முன்பக்க சீலோ ஒழுகி டிஸ்க்கை நனைத்திருக்கும். சீல் ஒழுகினால் அது ஓட்டுநரின் கால் செய்த வேலை ஆகாது. டிஸ்க் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் உடைந்து கிடந்தாலும், ரிலீஸ் பேரிங் இறுகிப்போயிருந்தாலும், லைனிங் தேயாமலே வண்டி நின்றிருக்கும். அப்போதும் தேய்மானம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

கோத்தகிரியில் என் சித்தி மகன் வண்டிக்கு இதுதான் நடந்தது. சர்வீஸ் சென்டரில் டிஸ்க்கை விரலால் தடவிக் காட்டினான். விரல் நுனி கறுத்து வழவழத்தது. "அது கிரீஸுங்க சார், கழட்டும்போது பட்டிருக்கும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். "கிரீஸா இருந்தா பரவாயில்லைங்க, நீங்க பார்த்ததை அப்படியே ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க" என்று இவன் நின்றான். எழுத மறுத்தார்கள். டிஸ்க், பிளைவீல், கிளட்ச்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுஸிங்கின் அடியில் வழிந்திருந்த எண்ணெய்க் கோடு எல்லாவற்றையும் வண்டி நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு எழுதின கடிதங்களில் அந்த எண்ணெய்க் கோடுதான் பேசியது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி டிபிஎப், அதாவது புகைக்கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகு வந்த டீசல் கார்களில் இது இருக்கிறது. பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடேறி, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வெலிங்டனிலிருந்து குன்னூர் பஜாருக்கும் திரும்ப வீட்டுக்குமாக, குளிரில் குறுகிய தூரமே ஓடுகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. கீழே இறங்கும்போது என்ஜின் பிரேக்கில் வருவதால் சூடும் ஏறாது. அடைத்துக்கொண்டால் "உங்க ஓட்டம் அப்படிங்க" என்பார்கள். ஊட்டி முகவரி போட்ட ஆதார் நகலை வாங்கிக்கொண்டுதானே வண்டியை விற்றார்கள்? அப்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்தக் கேள்வியைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள்.

டீலரும் கம்பெனியும்

சர்வீஸ் அட்வைசரிடம் கத்திப் பிரயோஜனமில்லை. வாரண்டியில் செய்த வேலைக்கு டீலர் கம்பெனியிடம் பணம் கேட்க வேண்டும். கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். சந்தேகமான எதையும் அவர் முதலிலேயே "வராது" என்று சொல்லிவிடுவது அதனால்தான். பேச வேண்டியது கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம். அவர் பார்க்கிற வரை சாமானை வெளியே அனுப்ப வேண்டாம் என்று டீலருக்கு மெயில் போடுங்கள். அதே மெயிலில், வாரண்டிப் புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். "தவறான உபயோகம்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால், அரசு போட்ட மலைப்பாதையில் ஓட்டுவது எப்படித் தவறான உபயோகம் ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த வழியில் கிடைப்பது பெரும்பாலும் 'குட்வில்' என்ற பெயரில் ஒரு பங்கு. சித்தி மகனுக்கும் அதுதான் வந்தது: சாமான் செலவைக் கம்பெனி ஏற்றது, லேபர் அவன் கட்டினான். வீட்டிலிருந்தே மெயிலில் முடிந்த காரியம். முழு நியாயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் 30,000 ரூபாய்க்குள் அடங்குகிற தகராறுக்கு இதைவிட லாபமான வழி எனக்குத் தெரியவில்லை.

1915

தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிவுசெய்து எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறார்கள். செலவில்லை, மலையிறங்க வேண்டியதில்லை. டீலரின் மேசையில் தூங்கும் புகாரைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவதுதான் இதன் பலம். உத்தரவு போடுகிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. "வாரண்டியில் வராது" என்று கம்பெனி பதில் எழுதிவிட்டால் அங்கேயே கோப்பு மூடப்படலாம். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டீலர் எழுதித் தர மறுத்த மறுப்பு கம்பெனி வாயாலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு நின்றுவிடாது.

ஊட்டியில் ஆணையம்

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: வண்டியைக் கோவையில் வாங்கியிருந்தாலும், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய 1986-ஆம் வருடச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-வது பிரிவு இதைக் கொடுத்தது. மலை மாவட்டத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி அந்தச் சட்டத்தில் வேறில்லை. இப்போது மலையேறி வர வேண்டியவர்கள் டீலரும் கம்பெனி வக்கீலும்தான்.

கட்டணமும் பயப்படும்படி இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் ஒன்றுமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. 50 லட்சம் வரை 1,000. அந்த 50 லட்சம்தான் மாவட்ட ஆணையத்தின் எல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மனுக் கொடுத்தால் காணொளி வழியாக விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அறுதியிட்டுச் சொல்லிவிட்டது.

கஷ்டம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று காலம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட நீளும். இன்னொன்று நிபுணர் அறிக்கை. குறை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை என்றால் சாமானை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர்தான் முதலில் கட்ட வேண்டும். பழைய டிஸ்க் கையில் இல்லாதவர் இங்கே திணறிவிடுவார்.

கேட்பதிலும் நிதானம் வேண்டும். கிளட்ச்சுக்காகப் புது வண்டி கேட்டால் வழக்கே பலவீனமாகும். பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டி நிபந்தனை என்றால், வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-இல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாமான் விலை, லேபர், இழுவை வண்டி வாடகை, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவற்றைக் கேளுங்கள். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகவே பொறுப்பாகிவிடாது என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒருவரை விட்டுவிட்டால் அவர் இவரையும் இவர் அவரையும் கை காட்டுவார்கள்.

கியர்பாக்ஸ், டர்போ, என்ஜின் என்று தொகை லட்சத்தைத் தொட்டால் நான் யோசிக்காமல் இந்த வழியைத்தான் சொல்வேன். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மற்ற மூன்று வழிகளுக்கும் அந்தப் பல் இல்லை.

வழக்கு நடக்கும்வரை வண்டி சர்வீஸ் சென்டரில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதில்லை. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் மேலேயே எழுதி, அதையே மெயிலிலும் அனுப்பிவிட்டு, பணம் கட்டி வண்டியை எடுங்கள். காசு கொடுத்து மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

நம்ம ஊர் மெக்கானிக்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கிளட்ச் மாற்றத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. இலை ஏற்றும் பிக்கப்புகளை வருடம் முழுக்கப் பார்ப்பவர்கள். மலை வண்டியின் வியாதி அவர்களுக்குத் தெரிந்த அளவு கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. செலவும் குறைவு. வாரண்டி முடிந்த வண்டிக்கு நான் வேறு இடத்தைச் சொல்லவே மாட்டேன்.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். வெளியே கை வைத்தால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்று டீலர்கள் பயமுறுத்துவார்கள். 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், இப்படி ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே பார்த்த வேலை தப்பாகப் போன அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று உத்தரவிட்டது. அது பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி எழுதுவதில் தப்பில்லை. ஆனால் தகராறு நடக்கிற அதே பாகத்தை வெளியே பிரித்துவிட்டால், எண்ணெய் எப்போது ஒழுகியது, யார் கையில் ஒழுகியது என்று நிரூபிக்க வழியே இருக்காது. ஆகவே கிளட்ச் தகராறு என்றால் கிளட்ச்சை மட்டும் வெளியே தொடாதீர்கள். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது போன்றவற்றை வெளியே பார்த்தால் பில்லும், போட்ட ஆயிலின் தரக்குறியீடும் இருக்கட்டும்.

மெக்கானிக்கை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம். கம்பெனி ஆள் வண்டியைப் பார்க்கும் நாளில் அவரையும் கூட்டிப் போங்கள். "அண்ணா, நீங்க பேச வேண்டாம், பார்த்தா மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். சாமானைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது டீலர் பேச்சு வேறு மாதிரி வரும்.

டாக்ஸி ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்று ஷோரூமில் சொன்னால் நம்ப வேண்டாம். தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்டுவதற்கு வாங்கிய வண்டியின் உரிமையாளரும் சட்டப்படி நுகர்வோர்தான். பல வண்டிகள் வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இது சிக்கலாகும். ஒரே வண்டியைத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்குச் சிக்கலில்லை. தன் பெயரில் உள்ள ஓட்டுநர் உரிமம், பேட்ஜ், பெர்மிட், கடன் தவணை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், இந்த நாலின் நகலையும் புகாரோடு முதல் நாளே இணைத்துவிட வேண்டும்.