கிரிக்கட் பூச்சியா, மீல்வோர்மா, வளவில் பிடித்ததா?

தங்கச்சியின் மகன் கொக்குவில் வீட்டில் ஒரு லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறான். பல்லி சொன்னால் பலன் பார்க்கும் அம்மம்மாவுக்கு, கண்ணிமை வெட்டுகிற, சுவரில் ஏறத் தெரியாத இந்தப் பல்லி பெரிய ஏமாற்றம். அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா, இதுக்கு எந்தப் பூச்சி நல்லம்?"

சோறு, பழம், இலை எதுவும் இதற்குச் சரிவராது. உயிருள்ள பூச்சிதான் சாப்பாடு.

கிரிக்கட் பூச்சி (இரவில் கிணற்றடியில் கத்துமே, அந்த இனம்) துள்ளி ஓடும். கெக்கோவும் துரத்திப் பிடிக்கும். 100 கிராமில் கொழுப்பு 6–7 கிராம்தான். மீல்வோர்மில் (தவிட்டில் வளரும் ஒரு வண்டின் புழு) அது 13 கிராம் வரை போகும். சத்தை மட்டும் பார்த்தால் கிரிக்கட் பூச்சிக்கே என் வோட்டு. ஆனால் வீட்டில் வைத்துப் பாருங்கள். ஆண்பூச்சி இராமுழுக்கக் கத்தும், பெட்டி நாறும், தின்னாமல் விட்ட பூச்சி கெக்கோவையே கடிக்கும். மீல்வோர்முக்கு ஐஸ்கிரீம் டப்பாவில் கோதுமைத் தவிடும் ஒரு கரட் துண்டும் போதும். குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும்; எங்கள் வெக்கையில் வெளியே விட்டால் கெதியாக வண்டாகிவிடும். பிரிட்ஜில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் புழு டப்பாவைக் கண்ட அன்று தங்கச்சி போட்ட சத்தம் தனிக்கதை.

வளவில் பிடிக்கும் தத்துவெட்டிக்குக் காசில்லை. ஆனால் சுற்றிவரப் புகையிலைத் தோட்டமும் வெங்காயத் தோட்டமும் உள்ள ஊரில், எது மருந்தடித்த பாத்தியிலிருந்து பறந்து வந்தது என்று யார் சொல்வது? மின்மினியை மறந்தும் போடாதீர்கள், அதன் நஞ்சு பல்லி இனத்தைக் கொன்றுவிடும். ஆகவே வளவு வேண்டாம்.

மிஞ்சிய இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. இரண்டிலும் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பல மடங்கு கூட. கெக்கோவுக்குத் தேவை நேர்மாறு: ஒரு பங்கு பொஸ்பரசுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு கல்சியம். இது தவறினால் எலும்பு மெலிந்து, தாடை இளகி, கால் வளையும். அதனால் எந்தப் பூச்சி என்பதைவிட அந்தப் பூச்சி என்ன தின்றது என்பதே பெரிய கேள்வி. கொடுப்பதற்கு முதல் நாள் டப்பாவுக்குள் முருங்கை இலை போடுகிறோம். பிறகு கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. சந்தையில் கணவாய் வாங்கினால் சும்மா வருவது. உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து, கத்தியால் சுரண்டி மாவாக்கி, பையில் புழுவோடு போட்டுக் குலுக்கினால், புழுக்கள் மாவில் புரட்டிய முறுக்குத் துண்டுபோல வெள்ளையாக வரும். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது, வாய் வெந்துவிடும். கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி3 வேண்டும், ஓட்டில் அது கிடையாது. அதற்குக் கடையில் விற்கும் பொடி வாரத்தில் ஓரிரு தரம், அளவாக.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பராமரிக்கிற வீடு என்பதால் நான் சொன்னது மீல்வோர்ம். பெரிய கெக்கோவுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய புழு வேண்டாம். கிடைக்கும்போது கிரிக்கட் பூச்சி. குட்டியாக இருந்திருந்தால் மறுபேச்சின்றிக் கிரிக்கட் பூச்சிதான், அதுவும் தினமும்.

கொழுப்பைச் சேமிப்பது வாலில். அது கழுத்தளவு தடித்திருந்தால் சரி. போன ஞாயிறு பார்த்தேன், மருமகனுடையதற்குக் கழுத்தைவிட வால் பெரிது. இந்தக் கிழமை புழு பாதிதான்.