பத்து கட்ட யூரின் ஸ்ட்ரிப்: எந்தக் கட்டத்தை நம்பலாம்?

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் 100 ஸ்ட்ரிப் கொண்ட டப்பாவாக விற்கும் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை, வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்ததுதான். ஆனால் சிறுநீரகம், சிறுநீர்ப்பை பற்றிக் கவலைப்படுகிறவருக்குப் பத்தில் ஐந்து கட்டங்கள்தான் உருப்படி: புரதம், ரத்தம், நைட்ரைட், வெள்ளணு, அடர்த்தி. பிலிருபினும் யூரோபிலினோஜனும் கல்லீரல் சமாச்சாரம்.

கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது புரதக் கட்டம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குளோமருலஸ் என்ற ரத்தக்குழாய் முடிச்சு. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்ட, பின்னால் வரும் நுண்குழல்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப இழுத்துக்கொண்டு ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. நல்ல குளோமருலஸ் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பழுதானால் கசியும், மஞ்சள் கட்டம் பச்சையாகும். 1+ என்பது சுமார் 30 மி.கி./டெ.லி., 2+ 100, 3+ 300.

இதை அடர்த்திக் கட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அடர்த்தி 1.030 இருக்கும்போது தெரியும் 'டிரேஸ்' (1+-க்கும் கீழான லேசான நிறமாற்றம்) பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாதது. தண்ணீர் போல 1.005 இருக்கும்போது அதே டிரேஸ் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் தற்காலிகமாகப் புரதம் வரும். சிறுநீரில் காரத்தன்மை மிக அதிகமானால் புரதமே இல்லாமலும் கட்டம் பச்சை காட்டும். சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் கசியும் சிறிதளவு ஆல்புமின் இதில் சிக்காது. அதற்கு லேபில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்ப்பதே வழி.

குளுக்கோஸ் கட்டம் ரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால்தான் நிறம் மாறும்; அதுவரை நுண்குழல் மீட்டுவிடுகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு எப்போதும் பாசிட்டிவ்தான், அந்த மீட்பைத் தடுப்பதே மாத்திரையின் வேலை. பயப்பட வேண்டாம்.

நைட்ரைட்டைக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஈ.கோலை போன்ற கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் பையில் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும். அடிக்கடி போகிறவருக்குக் கிருமி இருந்தும் நெகடிவ் வரும்; என்டரோகாக்கஸ் போன்றவை நைட்ரைட்டே உண்டாக்குவதில்லை. எரிச்சல் இருந்து வெள்ளணுக் கட்டம் மட்டும் ஊதா காட்டினாலும் கல்ச்சர் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுப்பதே சரி.

ரத்தக் கட்டத்தில் புள்ளி புள்ளியாகப் பச்சை தெரிந்தால் சிவப்பணு முழுசாக இருக்கிறது. ஒரே சீராகப் பச்சையானால் உடைந்த அணுவின் ஹீமோகுளோபின், அல்லது தசை சிதைந்து வரும் மையோகுளோபின். மாதவிடாய் நாட்களில் பார்க்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரை ரத்தம், குளுக்கோஸ், நைட்ரைட் மூன்றையும் பொய்யாக நெகடிவ் காட்ட வைக்கும்.

முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான கப்பில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள். ஸ்ட்ரிப்பை முழுக்க நனைத்து உடனே எடுத்து, ஓரத்தைக் கப் விளிம்பில் தேய்த்து வடியவிட்டுப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் புரதக் கட்டத்தின் அமிலம் பக்கத்து பி.எச். கட்டத்தில் வழிந்து பி.எச். அளவைக் குறைத்துக் காட்டும். பெரும்பாலான பிராண்டுகளில் நனைத்தபின் நிறம் பார்க்க வேண்டிய நேரம்: குளுக்கோஸ் 30 நொடி, அடர்த்தி 45, புரதம், ரத்தம், நைட்ரைட் 60, வெள்ளணு 120. இரண்டு நிமிடத்துக்குப் பின் மாறும் நிறத்துக்கு மதிப்பில்லை.

பெரிய எதிரி ஈரக்காற்று. மூடியைத் திறந்து வைத்தால் நைட்ரைட் கட்டம் தானாகவே இளஞ்சிவப்பாகிவிடும். குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். எப்போதாவது பார்க்கிறவருக்கு 100 வீண். சின்ன பேக் கிடைத்தால் அதுவே போதும்.

பட்டை முழுக்க நார்மல் என்றாலும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது இதில் தெரியாது. ரத்தக் கிரியேட்டினின் சோதனைக்கு இது மாற்றல்ல. டப்பாவில் 'கிட்னி டெஸ்ட்' என்று போட்டு விற்பது கொஞ்சம் அதிகப்படிதான்.