மணிக்கட்டிலிருந்து விரலுக்கா, விரலிலிருந்து மணிக்கட்டுக்கா?

கையின் உணர்வு நரம்பைச் சோதிக்கும்போது மின்தூண்டலை எங்கே கொடுத்து, நரம்பில் ஓடும் மின் அலையை எங்கே பதிவு செய்வது? மணிக்கட்டில் தூண்டி விரலிலா (முதல் முறை), விரலில் தூண்டி மணிக்கட்டிலா (இரண்டாவது)? புதிதாகப் பயில்பவர்களின் வழக்கமான குழப்பம் இது.

அலை ஓடும் வேகம்: இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

அலையின் உயரம்: மணிக்கட்டில் தூண்டி விரலில் பதிவு செய்தால் பெரிது, ஏனெனில் விரல் நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. எதிர்த்திசையில் சிறிது, பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க நேரிடலாம்.

குறுக்கீடு: முதல் முறையில் தசை அலையும் ஒட்டிக்கொண்டு வரும். அதையே உணர்வு அலை என்று நம்பினால், செத்த நரம்புக்கும் உயிர் இருப்பதாக அறிக்கை போய்விடும்! இரண்டாவதில் அந்தத் தொல்லை குறைவு.

அன்றாடச் சோதனைக்கு என் தேர்வு முதல் முறையே. அலை தேய்ந்து, தெரிவது நரம்பா தசையா என்ற ஐயம் எழுந்தால் இரண்டாவது. எதுவானாலும், தோல் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் முதலில் கையைச் சூடாக்குங்கள். குளிரில் நல்ல நரம்பும் மந்தமாகவே தெரியும்.